முதல் கோயில் திருவிழாக் கச்சேரி: ட்ரம்ஸ் வாசிக்கப் போகிறேன், என்ன தயாரிப்பு வேண்டும்?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் இருக்கிறேன். கல்லூரி பேண்டில் ட்ரம்ஸ் வாசித்திருக்கிறேன். கல்ச்சுரல்ஸ் மேடைகள்தான், போனால் ஐந்தாறு பாட்டு. இப்போது இங்கே ஒரு மெல்லிசைக் குழுவின் ட்ரம்மர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டதால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் அம்மன் கோயில் திருவிழா. இருபத்தைந்து பாட்டுக்கு மேல் இருக்கும். ரிகர்சல் ஒரே ஒரு நாள்தான்.

ட்ரம் கிட் அவர்களுடையது. என்னைத் தவிர ரிதம் பேட் (தட்டினால் பலவிதத் தாள ஒலி வரும் எலக்ட்ரானிக் கருவி) ஒருவர், தபலாவும் டோலக்கும் வாசிப்பவர் ஒருவர், பேஸ் கிட்டார், இரண்டு கீபோர்டு, பாடகர்கள் நான்கு பேர். பாட்டெல்லாம் சின்ன வயதிலிருந்து கேட்டவை, தெரியும். ஆனால் மூன்று மணி நேரக் கச்சேரி வாசித்தது கிடையாது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: நான் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

---

பழைய ஸ்னேர் எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. கையை வேகப்படுத்து, ரோல் பழகு என்று இங்கே சிலர் சொல்லக்கூடும். ஒரு மாதத்தில் கை பெரிதாக மாறாது. இருக்கிற கை போதும். ஒரு மாதத்தில் உருப்படியாகச் செய்யக்கூடியது, பாட்டைத் தெரிந்துகொள்வது.

//பாட்டெல்லாம் சின்ன வயதிலிருந்து கேட்டவை, தெரியும்//

இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ரேடியோவில் கேட்டுத் தெரிந்த பாட்டில் பல்லவி தெரியும், சரணம் தெரியும். முதல் பிஜிஎம் (பாட்டு நடுவே வரும் வாத்திய இசை) எத்தனை பார் (பெரும்பாலும் நான்கு பீட் கொண்ட தாளச் சுற்று), எந்த இடத்தில் ட்ரம்ஸ் நிற்கிறது, எந்த இடத்தில் தபலாவுக்கு மாறுகிறது என்று கேட்டால் தெரியாது. லிஸ்ட் கைக்கு வந்ததும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பாட்டுக்கும் அரைப் பக்கம் எழுதுங்கள். ஸ்டாஃப் நொடேஷன் எல்லாம் தேவையில்லை. நான் எழுதுவது இப்படி இருக்கும் (புதியவர்களுக்கு: ஹை-ஹாட் என்பது காலால் திறந்து மூடும் ஜோடித் தட்டு, ஃபில் என்பது வரிகளுக்கு நடுவே இட்டு நிரப்பும் சின்ன உருட்டல், திஸ்ரம் என்பது மும்மூன்றாக வரும் நடை, கட் என்பது எல்லோரும் ஒரே நொடியில் நிறுத்துவது):

"96. முன்னிசை 8 பார், முதல் 4 கீபோர்டு மட்டும், 5-ல் ஹை-ஹாட், 8-ல் ஃபில். பல்லவி 8, திரும்ப 8. பிஜிஎம்-1: 12 பார், கூட 2 பீட் (பார்த்து!). சரணம் 16, கடைசி 2 பார் தபலா மட்டும், நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். பல்லவி 4. பிஜிஎம்-2: 16, நடுவில் திஸ்ரம். முடிவு: பல்லவி முதல் வரி 3 தடவை, கட்."

அந்த "கூட 2 பீட்" இருக்கிறதே, நம் சினிமாப் பாட்டில் அது சர்வ சாதாரணம். பார் முழுதாக முடியாமல் பாதியில் சரணத்துக்குத் தாவும். கூடவே பாடும்போது நமக்கே தெரியாமல் சரியாகப் பாடிவிடுவோம். ட்ரம்ஸில் உட்கார்ந்து நான்கு நான்காக எண்ணினால் அங்கேதான் மாட்டுவோம். முதலில் இருக்கும் 96 பாட்டின் வேகம், நிமிடத்துக்கு இத்தனை பீட் என்று. செல்போன் மெட்ரோனோமில் ஒரிஜினலோடு ஒத்துப்பார்த்து எழுதியது.

பாட்டு கவிழ்வது பெரும்பாலும் இரண்டே இடத்தில். எடுப்பு, முடிப்பு.

எடுப்பில் முதலில் தெரிய வேண்டியது, எண்ணிக்கை கொடுப்பது யார் என்பது. சில குழுவில் கீபோர்டுக்காரர் தலையை ஆட்டுவார். சில குழுவில் ட்ரம்மர் ஸ்டிக் தட்டி ஒன் டூ த்ரீ ஃபோர் சொல்ல வேண்டும். ரிகர்சலில் முதல் கேள்வியாக இதைக் கேட்டுவிடுங்கள். இரண்டு பேர் இரண்டு வேகத்தில் எண்ணிக்கை கொடுத்தால் அப்புறம் யார் வந்தாலும் காப்பாற்ற முடியாது. தொகையறாவில் தொடங்கும் பாட்டுக்கு எண்ணிக்கையே கிடையாது, பாடகர் தன் இஷ்டத்துக்கு இழுத்துப் பாடி வருவார். எந்தச் சொல்லில் நீங்கள் நுழைய வேண்டும் என்று அந்தச் சொல்லையே பேப்பரில் எழுதி வட்டம் போட்டு வையுங்கள். பாட்டு சமத்தில் (தாளச் சுற்றின் முதல் அடியில்) எடுக்கிறதா, அரை இடம் தள்ளி எடுக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தள்ளி எடுக்கும் பாட்டைச் சமத்தில் எடுப்பதாக நினைத்து எண்ணினால் பாடகருக்கு எங்கே வருவதென்றே தெரியாது.

முடிப்பில் சிக்கல் வேறு. ரெக்கார்டில் பல பாட்டு முடிவதே இல்லை, அப்படியே தேய்ந்து மறைந்துவிடும். மேடையில் அப்படி மறைய முடியாது. எல்லோரும் ஒரே நொடியில் நிறுத்தியாக வேண்டும். ஆகவே ஃபேட் ஆகும் பாட்டுகளை மட்டும் தனியாக எடுத்து, முடிவை ரிகர்சலில் பேசிவிடுங்கள். ஒரு நாள் ரிகர்சலில் இருபத்தைந்து பாட்டையும் முழுதாக வாசிக்க நேரம் இருக்காது. எடுப்பும் முடிப்பும் மட்டும் வாசித்துப் பார்த்தால் போதும்.

வேகம் பற்றி ஒன்று. மேடை ஏறினால் நெஞ்சு படபடக்கும். 96-ல் போக வேண்டிய பாட்டு 104-ல் கிளம்பும், உங்களுக்கு அது நிதானமாகவே தெரியும். எண்ணிக்கை கொடுப்பதற்கு முன் பல்லவியின் முதல் வரியை மனதுக்குள் பாடிப் பாருங்கள். சொற்கள் தெளிவாக வாயில் வருகிறதா? அதுதான் காலப்பிரமாணம்.

---

கன்சோல்காரன் எழுதியது:

ஒலி அமைப்புப் பக்கத்திலிருந்து சில விஷயம்.

சவுண்டு செக்கில் நாங்கள் "கிக்" என்றால் கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) மட்டும் வாசியுங்கள். டும், டும், டும் என்று ஒரே அழுத்தத்தில், நாங்கள் போதும் என்கிற வரை. அப்புறம் ஸ்னேர் (அடியில் கம்பி வயர் கட்டிய ட்ரம்), ஹாட் (ஹை-ஹாட்), டாம் (சுற்றியிருக்கும் மற்ற ட்ரம்கள்). சோலோ வாசித்துக் காட்டினால் எங்களால் எதையும் செட் செய்ய முடியாது. அதைவிட முக்கியம், கச்சேரியில் எந்த அழுத்தத்தில் வாசிப்பீர்களோ அதே அழுத்தத்தில் அடியுங்கள். செக்கில் பூப்போல அடித்துவிட்டு முதல் குத்துப் பாட்டில் எழுந்து நின்று சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

கிராமத்து மேடையில் ட்ரம்ஸுக்கு நிறைய மைக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கும் ஹாட்டுக்கும் நடுவே ஒன்று, தலைக்கு மேலே ஒன்று, இவ்வளவுதான் சில இடங்களில். அந்த மாதிரி நேரத்தில் மிக்சிங் உங்கள் கையில்தான் நடக்கிறது. ஹாட்டை ஓங்கி அடித்தால் ஸ்னேர் மைக்கில் ஸ்னேரைவிட ஹாட்தான் அதிகம் வரும். நான் ஸ்னேரை ஏற்ற ஏற்ற ஹாட்டும் கூடவே ஏறும்.

மானிட்டரில் (மேடையில் உங்கள் பக்கம் திருப்பி வைக்கும் ஸ்பீக்கர்) என்ன வேண்டும் என்று கேட்டால் "எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்" என்று சொல்லாதீர்கள். குரல், பேஸ், மெயின் கீபோர்டு. இந்த மூன்று கேட்டால் வாசித்துவிடலாம்.

அடுத்தது, மேடைக்கு இரு பக்கமும் அடுக்கியிருக்கும் பெரிய பெட்டிகளை நம்பித் தாளம் பிடிக்கக் கூடாது. ஒலி ஒரு மீட்டர் கடக்க சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகிறது. பத்து மீட்டர் தள்ளி இருக்கும் பெட்டியிலிருந்து வருவது 30 மில்லிசெகண்ட் பழசு. எதிரே சுவர் இருந்து அதில் மோதித் திரும்பினால் இன்னும் மோசம். அதோடு சேர்ந்து வாசித்தால் பாட்டு மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டே போகும். எங்களுக்கு வெளியே அது நன்றாகவே தெரியும். மானிட்டர் வேலை செய்யாவிட்டால் பேஸ்காரரின் ஆம்பிளிஃபயரை உங்கள் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். அதுவும் இல்லையா, அவர் வலது கை விரலைப் பார்த்து வாசியுங்கள்.

கேட்கவில்லை என்றால் எல்லோரும் செய்வது, இன்னும் ஓங்கி அடிப்பது. அப்போது மேடையில் மற்ற எல்லோருக்கும் கேட்காமல் போகும், அவர்கள் ஆளாளுக்கு வால்யூம் ஏற்றுவார்கள். பத்தே நிமிடத்தில் மேடை சந்தைக்கடை.

---

வைகைக்கரை எழுதியது:

பழைய ஸ்னேர் அண்ணே, கன்சோல்காரன் சார், இரண்டு பேருக்கும் நன்றி. பார் எண்ணி எழுதும் வேலையை இன்றே தொடங்குகிறேன். இரண்டு சந்தேகம். ஒன்று, கல்லூரி மேடையில் கிக் ட்ரம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும், ஒவ்வொரு பாட்டுக்கும் இழுத்து வைப்பேன். கிராமத்து மேடையில் என்ன செய்வது? இரண்டாவது, காதில் கிளிக் (சீரான வேகத்தில் தட்டிக்கொண்டிருக்கும் மெட்ரோனோம் ஒலி) போட்டுக்கொண்டு வாசித்தால் வேகப் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

---

ஞாயிறு பீட் எழுதியது:

நாகர்கோவிலில் எங்கள் சபையில் ட்ரம்ஸ் வாசிக்கிறேன். எங்களுக்குக் கிளிக் இல்லாமல் வேலையே நடக்காது. முன்பே பதிவு செய்த கீபோர்டு ட்ராக், பின்னணிக் குரல் எல்லாம் லேப்டாப்பிலிருந்து ஓடும், கிளிக் என் காதில். காதுக்குள் மாட்டும் இன்-இயர் விலையும் இப்போது கைக்கு எட்டுகிறது. பழகிவிட்டால் கிளிக் இல்லாமல் வாசிப்பதுதான் பயமாக இருக்கும். தாராளமாகப் போடுங்கள் ப்ரோ.

இன்னொன்று, சத்தம் குறைத்து வாசிக்கப் பழகுங்கள். சபைக் கட்டடத்தில் ஓங்கி அடித்தால் பிரசங்க மேடை வரை அதிரும், பெரியவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பயத்தில் பழகிய கைதான் எங்களுக்கெல்லாம். மெல்லிய 7ஏ ஸ்டிக், இல்லாவிட்டால் குச்சிக் கட்டாக இருக்கும் ஹாட் ராட்ஸ். சத்தம் குறையும்போது வேகமும் கூடவே குறையாமல் பிடித்து வைப்பதுதான் கஷ்டம். வீட்டில் ஒரே பீட்டை ஐந்து நிமிடம் ரகசியம் பேசுவது போல வாசித்துப் பாருங்கள், புரியும்.

---

பழைய ஸ்னேர் எழுதியது:

ஞாயிறு பீட் தம்பி சொல்வது அவர் மேடைக்குச் சரி. திருவிழா மேடைக்குக் கிளிக் சரிவராது என்பது என் கட்சி.

கிளிக் உங்கள் காதில் மட்டும் ஓடும். பாடகர் காதில் ஓடாது, தபலாக்காரர் காதில் ஓடாது. சரணத்துக்கு முன் பாடகர் ஒரு சங்கதி கூடப் போட்டு அரை பார் தள்ளி வருவார். பிஜிஎம் நடுவே பட்டுச் சட்டையில் ஒருவர் மேடை ஏறிப் பாடகருக்குச் சால்வை போடுவார், கீபோர்டுக்காரர் அதே நான்கு பாரைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சமாளிப்பார். எல்லாரும் ஒரு பக்கம் போக, கிளிக் ஒரு பக்கம் போகும். அந்த நேரத்தில் நீங்கள் யாரோடு போவீர்கள்? ட்ராக் ஓடினால் கிளிக் வேண்டும். ட்ராக் இல்லையென்றால் மெட்ரோனோமைச் சத்தமில்லாமல் வைத்து, விளக்கு மின்னுவதை மட்டும் பார்த்து எண்ணிக்கை கொடுங்கள். பாட்டு கிளம்பியதும் அணைத்துவிடுங்கள்.

கிக் நகரும் விஷயம். பல ஊரில் மேடை என்பது சவுக்குக் கட்டை கட்டி மேலே பலகை பரப்பியது. அதன்மேல் ஒரு ஜமுக்காளம். ஜமுக்காளம் வழுக்கும். கிக்கின் முன்கால்களில் இருக்கும் கூர்முனை வெளியே நீட்டும்படி திருகிவிடுங்கள், பலர் அது இருப்பதே தெரியாமல் ரப்பர் முனையிலேயே வைத்திருப்பார்கள். அடியில் ரப்பர் ஒட்டிய தரைவிரிப்பு ஒன்று சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், நீங்கள் உட்காரும் ஸ்டூலும் அதன்மேலேயே இருக்க வேண்டும். உங்கள் எடையே விரிப்பைப் பிடித்துக்கொள்ளும். அதுவும் இல்லாத இடத்தில் ஒரு நைலான் கயிறு: கிக்கின் இரண்டு முன்கால்களிலும் கட்டி, ட்ரம்முக்கு அடியில் கொண்டுவந்து ஸ்டூல் காலில் சுற்றி இறுக்கிவிடுங்கள். ஒரு இஞ்ச் நகராது. முன்னால் செங்கல் வைப்பதும் உண்டு. செங்கல்லும் சேர்ந்து நகர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

உட்காருவதற்கு ஸ்டூல் உண்டா என்று குழுவில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். இல்லையென்றால் பந்தலிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வரும். கைப்பிடி இடிக்கும், உயரம் குறைவு, முழங்கால் இடுப்புக்கு மேலே நிற்கும். அரை மணி நேரத்தில் இடுப்பு போய்விடும்.

---

ஞாயிறு பீட் எழுதியது:

//அந்த நேரத்தில் நீங்கள் யாரோடு போவீர்கள்?//

சால்வை விஷயம் எனக்குத் தோன்றவில்லை அண்ணே, ஒப்புக்கொள்கிறேன். 😀 ஆனால் வீட்டில் பயிற்சிக்காவது கிளிக்கை விடாதீர்கள் ப்ரோ. கிளிக்கோடு வாசித்துப் பதிவு செய்து கேட்டால் எந்த இடத்தில் வேகம் கூடி ஓடுகிறோம் என்று தெரியும். எனக்குத் தெரிந்த எல்லோரும் ஃபில் வாசிக்கும்போதுதான் ஓடுகிறார்கள்.

---

இரண்டாம் சரணம் எழுதியது:

பாடகியாகச் சொல்கிறேன். ட்ரம்ஸ் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எங்களுக்கு மூன்று விஷயத்தில் தெரியும்.

ஃபில் எங்கே போடுகிறீர்கள்? வரி முடிந்து நான் மூச்சு எடுக்கும் இடத்தில் போட்டால் சுகமாக இருக்கும். வரியின் கடைசிச் சொல் மேலேயே டாமை உருட்டினால் அந்தச் சொல் கூட்டத்துக்குக் கேட்காது. கவிஞர் அந்தச் சொல்லுக்காகத்தான் வரியையே எழுதியிருப்பார்!

மேல் ஸ்தாயி வரிகளில் வேகம் ஒரு துளி கூடினாலும் எங்களுக்குச் சொல் வாயில் நிற்காது. சரியாக அங்கேதான் ட்ரம்மர்களுக்கு உற்சாகம் வந்து வேகம் கூடுகிறது.

அப்புறம் க்ராஷ் சிம்பல் (ஓங்கி அடிக்கும் பெரிய வெண்கலத் தட்டு). மேடை சின்னதாக இருந்தால் உங்கள் சிம்பல் என் காதுக்குப் பின்னால் ஒரு முழத்தில் இருக்கும். ஒவ்வொரு நாலு பாருக்கும் அதை அடித்தால் எனக்கு ஸ்ருதியே கேட்காது. பல்லவி திரும்பும்போது ஒரு தடவை போதும். கிட் வைக்கும்போது க்ராஷை ஒரு சாண் உள்ளே தள்ளி, கொஞ்சம் உயர்த்தி வைத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

எங்களையும் அடிக்கடி நிமிர்ந்து பாருங்கள் தம்பி. கூட்டம் ரசிக்கிறது என்றால் கடைசிப் பல்லவியை இன்னொரு தடவை பாடுவோம், அதைக் கையை லேசாகச் சுழற்றித்தான் சொல்ல முடியும். தலையைக் குனிந்துகொண்டு வாசிக்கும் ட்ரம்மர் சரியாக அந்த இடத்தில் கட் கொடுத்து நிறுத்திவிடுவார்.

---

எட்டுப்பேட் எழுதியது:

ரிதம் பேட் வாசிக்கிறேன். இந்த இழையில் யாரும் எங்களைப் பற்றிப் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைகைக்கரை, ரிகர்சலுக்குப் போனதும் பேட்காரரோடும் தபலாக்காரரோடும் தனியாகக் கால் மணி நேரம் உட்காருங்கள். தாளம் வாசிக்க மூன்று பேர் இருக்கிறீர்கள். மூன்று பேரும் எல்லாவற்றையும் வாசித்தால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். பேட்டில் இருப்பது எட்டு பேட் என்றாலும் ஒவ்வொரு கிட்டிலும் (பேட்டுக்குள் இருக்கும் சத்தத் தொகுப்பு) வேறு வேறு சத்தம் ஏற்றி வைத்திருப்போம்: தவில், பறை, உடுக்கை, டோலக், கைத்தட்டல், எலக்ட்ரானிக் கிக். அதில் கிக்கும் ஸ்னேரும்தான் உங்களோடு முட்டும். நீங்கள் காலால் ஒரு கிக், நான் பேட்டில் ஒரு கிக், இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை வித்தியாசம் வந்தாலும் கீழ்ச் சத்தம் கலங்கிவிடும். பேஸ்காரர் யாரோடு போவது என்று விழிப்பார்.

நான் வாசிக்கும் குழுவில் எழுதாத ஒப்பந்தம் ஒன்று உண்டு. மெலடிப் பாட்டு என்றால் தபலா முன்னால், ட்ரம்மர் ஹாட்டும் ரிம்மும் (ஸ்னேரின் விளிம்பு) மட்டும், நான் ஷேக்கரோ மணியோ. குத்துப் பாட்டு என்றால் நான் முன்னால். தவிலும் பறையும் என் கையில் இருக்கும், ட்ரம்மர் கிக்கை நேராக வைத்துக்கொண்டு ஸ்னேரை ஓரம் கட்டிவிட வேண்டும். டிஸ்கோ மாதிரி, ராக் மாதிரி வரும் பாட்டு முழுக்க ட்ரம்மருடையது, நாங்கள் இருவரும் ஒதுங்கிக்கொள்வோம்.

திருவிழாவில் பாதிப் பாட்டு 6/8-ல்தான் (பாருக்கு ஆறு அடி, மும்மூன்றாக) இருக்கும், அதைச் சொல்லிவிடுகிறேன். மேற்கத்திய பேண்டில் வாசித்துப் பழகியவர்களுக்கு இங்கே கை தடுமாறும். ஆறாக எண்ணாதீர்கள், தகிட தகிட என்று வாயில் சொல்லிக்கொண்டே இரண்டு பீட்டாகக் காலில் வையுங்கள். சாமியாட்டம் வரும் பாட்டில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதும் வழக்கம். அதை யார் ஏற்றுவது என்று முன்பே பேசாவிட்டால் ஆளுக்கொரு வேகம்தான். அந்தப் பாட்டைக் கேட்டு முன்வரிசையில் யாருக்காவது அருள் வந்துவிட்டால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. குழுத் தலைவர் கண் காட்டும் வரை அடி விழுந்துகொண்டே இருக்க வேண்டும்.

கரண்ட் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெனரேட்டர் மாற்றும் அந்த ஒரு நொடியில் பேட் அணைந்து திரும்ப எழும். அதுவரை தாளம் முழுக்க ட்ரம்மர் தலையில்தான். மின்சாரம் இல்லாமல் சத்தம் வரும் ஆள் நீங்களும் தபலாவும் மட்டும்தான். விளக்கு அணைந்தாலும் கையை நிறுத்தாதீர்கள். கூட்டம் அதற்கே கைத்தட்டும்!

---

தகரடப்பா எழுதியது:

எட்டுப்பேட் சொல்வதைப் பார்த்தால் ட்ரம்ஸே தேவையில்லை போலிருக்கிறதே. இப்போது எத்தனையோ குழு பேட் மட்டும் வைத்தே ஓட்டுகிறது. தூக்க லேசு, டியூன் செய்ய வேண்டாம், சத்தம் கட்டுப்பாட்டில் இருக்கும். டெம்போ வேன் வாடகையும் மிச்சம்.

---

பழைய ஸ்னேர் எழுதியது:

வாடகை மிச்சம் என்பது உண்மை. கல்யாண ரிசப்ஷனுக்கு, ஏசி மண்டபத்தில், நாலு பக்கமும் டைல்ஸும் கண்ணாடியுமாக இருக்கும் இடத்தில் நானே பேட் போதும் என்றுதான் சொல்வேன். அங்கே அடித்த ஸ்னேர் இரண்டு முறை திரும்பி வரும். சாப்பிடுகிறவர்கள் பேசவும் வேண்டும் இல்லையா.

திறந்தவெளி வேறு. அதிரும் ட்ரம்மும் வெண்கலமும் அங்கே ஒரு அழகு. நிறைய வாசிக்க வேண்டும் என்பதும் இல்லை. இளையராஜாவிடம் நெடுங்காலம் ட்ரம்ஸ் வாசித்த புருஷோத்தமனைக் கவனித்துக் கேளுங்கள். பாட்டுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். ஹை-ஹாட்டை ஒரு இடத்தில் திறந்து மூடுவார், அதுவே அந்தப் பிஜிஎம்மின் அடையாளமாக நின்றுவிடும். சிவமணியைப் பார்த்துவிட்டு வரும் பையன்கள் முதல் பாட்டிலேயே சிவமணி ஆகப் பார்க்கிறார்கள். அவர் தனியாக நின்று வாசிக்கும் மேடை அது. பாடகருக்குப் பின்னால் உட்காரும் மேடைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

---

வைகைக்கரை எழுதியது:

இரண்டாம் சரணம் அக்கா, எட்டுப்பேட் அண்ணே, இதெல்லாம் எனக்குத் தோன்றவே தோன்றாது, நன்றி. கிட் அவர்களுடையது என்றால் நான் என்னென்ன கையில் எடுத்துப் போக வேண்டும்? மழைக்காலம் முடிந்து பனி தொடங்கும் நேரம் அது. பனியில் ட்ரம்ஸ் என்ன ஆகும்?

---

பழைய ஸ்னேர் எழுதியது:

கிட் யாருடையதாக இருந்தாலும் ஸ்னேர், பெடல், சிம்பல் மூன்றும் சொந்தமாக இருந்தால் நல்லது. அவ்வளவு வசதி இப்போது இல்லையென்றால் பெடல் மட்டுமாவது. கால் பழகிய பெடல் வேறு ஸ்பிரிங் இறுக்கத்தில் இருந்தால் முதல் மூன்று பாட்டு அதனோடு சண்டை போடுவதிலேயே போய்விடும்.

சின்னச் சாமான்தான் மேடையில் காலை வாரும். ட்ரம் சாவி இரண்டு: ஒன்று பையில், ஒன்று சட்டைப் பையில். ஹை-ஹாட்டின் மேல்தட்டைப் பிடிக்கும் கிளட்ச் ஒன்று உபரியாக. அதன் திருகு தேய்ந்துவிட்டால் மேல்தட்டு கீழே விழுந்து கிடக்கும், கச்சேரி முழுவதும் ஹாட் மூடியேதான் இருக்கும். சிம்பலை இறுக்கும் விங் நட் நாலைந்து, ஃபெல்ட் வளையங்கள், 14 இஞ்ச் ஸ்னேர் ஷீட் (நாம் அடிக்கும் மேல்பரப்பு) ஒன்று, அகலமான துணி டேப், ஸ்னேர் வயரைக் கட்டும் நாடா, கத்தரிக்கோல். ஸ்டிக் ஆறு ஜோடியாவது வேண்டும். அதில் இரண்டு ஜோடி கைக்கு எட்டும் தூரத்தில், ஃப்ளோர் டாமில் தொங்கும் பையில். ஸ்டிக் கை நழுவிப் பறந்தால் குனிந்து தேடக் கூடாது, இன்னொன்றை உருவிக்கொண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டும். வியர்வைக்கு ஒரு துண்டு. பாட்டுப் பேப்பருக்கு ஸ்டாண்ட், பேப்பர் பறக்காமல் இருக்கத் துணி கிளிப், சின்ன கிளிப் விளக்கு ஒன்று. மேடையில் வண்ண விளக்கு சுற்றும்போது, குறிப்பாகச் சிவப்பு வெளிச்சத்தில், சிவப்புப் பேனாவில் எழுதியது கண்ணுக்கே தெரியாது. கறுப்பில் கொட்டையாக எழுதுங்கள்.

பனிக்கு நம் ஷீட் பயப்படாது. இப்போது வருவதெல்லாம் பிளாஸ்டிக் ஷீட். தபலாவும் டோலக்கும்தான் தோல், பாவம் அவர் ராத்திரி முழுக்கச் சுத்தியலும் கையுமாக இருப்பார். ஆனால் பனி ஷீட் மேல் ஈரமாகப் படிந்தால் சத்தம் மந்தமாகும், ஸ்டிக்கும் வழுக்கும். கிட்டை மாலையிலேயே பூட்டிவிட்டால் மேலே ஒரு பெட்ஷீட்டைப் போர்த்தி வையுங்கள், தொடங்கும்போது துடைத்துவிடலாம்.

ஓங்கி அடிக்க அடிக்க ஸ்னேரில் உங்களுக்கு எதிரே இருக்கும் போல்ட்டைவிட, ரிம்ஷாட் (ஷீட்டும் விளிம்பும் சேர அடிப்பது) விழும் பக்கத்து போல்ட்டுகள்தான் முதலில் தளரும். அறிவிப்பாளர் பேசும் நேரத்தில் சாவியை வைத்து ஒரு திருகு. அதே நேரத்தில் ஸ்னேர் வயரையும் தளர்த்திவிடுங்கள். பேஸ்காரர் ஒரு தந்தியைத் தொட்டாலும் அது கிர்ர் என்று கத்தும், மைக்கில் அசிங்கமாகக் கேட்கும்.

---

கன்சோல்காரன் எழுதியது:

பட்டியலில் காதடைப்பானைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பணியிட ஆரோக்கியத்தைக் கவனிக்கும் நியோஷ் அமைப்பின் கணக்கு இது: 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம், அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபெல்லில் 15 நிமிடம்தான். ட்ரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு 100 ஒன்றும் பெரிய சத்தமில்லை, பக்கத்திலேயே மானிட்டர் வேறு. பஞ்சை அடைத்தால் ஹாட் கேட்காது, கிக் மட்டும் கேட்கும், பயனும் குறைவு. இசைக் கலைஞர்களுக்கென்றே விற்கும் காதடைப்பான் எல்லாச் சத்தத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். முதல் கச்சேரியிலிருந்தே போட்டுப் பழகுங்கள். நடுவில் பழகுவது கஷ்டம்.

நேரம் பற்றியும் கேட்டு வையுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் ஆண்டுக்கு மொத்தம் 15 நாளுக்குள். ஊரில் அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்பது உங்கள் வேலை இல்லை. ஆனால் காவல்துறை வந்து "இன்னும் மூன்று பாட்டோடு முடியுங்கள்" என்றால் லிஸ்ட் தலைகீழாக மாறும். பேப்பரை வரிசை எண் போட்டுக் கட்டி வைத்திருந்தால் அந்த நேரத்தில் திண்டாடுவீர்கள். பாட்டின் முதல் சொல்லை அகர வரிசையில் அடுக்கி வையுங்கள், எதைக் கேட்டாலும் உடனே எடுக்கலாம்.

---

இரண்டாம் சரணம் எழுதியது:

சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லை. கமிட்டிக்காரர்கள் அன்போடு ஏழு மணிக்கே இலை போட்டு உட்கார வைப்பார்கள். பிரியாணியாகவும் இருக்கும். நாங்கள் பாடுகிறவர்கள் எப்படியும் சாப்பிட மாட்டோம். நீங்களும் பாதி வயிற்றோடு எழுந்துவிடுங்கள். மூன்று மணி நேரம் எழுந்து போக முடியாத ஒரே ஆள் மேடையில் நீங்கள்தான், தண்ணீரையும் அதைப் பார்த்துக் குடியுங்கள்.

---

எட்டுப்பேட் எழுதியது:

😂 அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு.

மேடை ஏறும் முன் மணிக்கட்டையும் தோளையும் பத்து நிமிடமாவது தளர்த்திக்கொள்ளுங்கள். ஏதாவது நாற்காலி முதுகில் மெதுவாகத் தட்டிக்கொண்டு இருந்தாலே போதும். முதல் பாட்டு எப்படியும் பிள்ளையார் பாட்டாகவோ அம்மன் பாட்டாகவோ இருக்கும், அதில் உங்களுக்கு வேலை குறைவு. அந்தப் பாட்டிலேயே சூடேறிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டாவது பாட்டை முழு வேகத்தில் வைத்துவிடுவார்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

கடைசியாக ஒன்று. பாட்டு நடுவே தாளம் தப்பிவிட்டால் என்ன செய்வது? இதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

---

பழைய ஸ்னேர் எழுதியது:

தப்பும். எல்லோருக்கும் தப்பும். உடனே ஃபில், க்ராஷ் எதையும் அடித்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். கையை ஹை-ஹாட்டுக்கு மட்டும் சுருக்குங்கள், கிக்கையும் ஸ்னேரையும் நிறுத்திவிடுங்கள். ஹாட்டில் சமம் எது என்று யாருக்கும் தெரியாது, அதனால் அது யாரோடும் முட்டாது. பாடகர் வாயைப் பாருங்கள், பேஸ்காரர் எந்த இடத்தில் அழுத்துகிறார் என்று கேளுங்கள். அடுத்த வரியின் எடுப்பில் கிக்கோடு நுழையுங்கள். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது அரேஞ்ச்மென்ட் மாதிரியே இருக்கும்.

ஒரு வேளை பாடகரே தப்பி முன்னால் வந்துவிட்டால், சரி தவறு பார்க்காமல் அவரோடு போய்விடுங்கள். தாளம் உங்கள் பக்கம் சரியாக இருந்தாலும் கூட்டம் கேட்பது குரலைத்தான். எல்லோரும் உங்கள் அடியைக் கேட்டுத்தான் திரும்புவார்கள், நீங்கள் தாவினால் மொத்தக் குழுவும் தாவிவிடும். அப்புறம் மேடையில் வைத்து யாரையும் முறைக்க வேண்டாம்.

---

எட்டுப்பேட் எழுதியது:

தம்பி, பாட்டு லிஸ்ட் கைக்கு வந்ததும் இங்கே போடுங்கள். எவை 6/8, எவற்றில் நடுவில் நடை மாறுகிறது, எதில் ட்ரம்ஸ் சும்மா இருக்க வேண்டும் என்று பிரித்துத் தருகிறேன். அவர்கள் வைத்திருக்கும் பேட் என்ன மாடல் என்றும் கேட்டு எழுதுங்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

கட்டாயம் அண்ணே. ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ரப்பர் விரிப்பு வாங்க நாளைக்கே டவுன்ஹால் ரோடு பக்கம் போகிறேன்.